சைனைடு மலையில் ஒரு கதவு

லாய்ட் முதன்முதலாகச் செத்துப்போனது தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலில், சர்ச் வாலிபர் சங்கம் அறுப்புப் பண்டிகைக்குப் போட்ட நாடகத்தில். அப்போது அவன் ஆறாவது படித்துக்கொண்டிருந்தான். குடியால் கெட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. முதல் காட்சியிலேயே மூத்த மகன் காய்ச்சலில் போய்விடுவான். மிச்ச நாடகம் முழுக்க அவனைப் பெஞ்சில் கிடத்தி வைத்துக்கொண்டு மற்றவர்கள் மாறி மாறி அழுவார்கள், பாடுவார்கள், மனம் திருந்துவார்கள். வசனமே இல்லாத அந்த வேஷத்துக்கு ஒருத்தரும் வரவில்லை. "எங்க லாய்ட் படுப்பான்" என்று கையைத் தூக்கியவள் அவனுடைய அக்கா பியூலா. எப்படியாவது தம்பி மேடை ஏறினால் போதும் என்று அவளுக்கு.

படுத்தான். கழுத்தில் போட்ட சாமந்தி மாலையில் கட்டெறும்பு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒன்று காது மடலில் ஏறிக் கடித்தது. இன்னொன்று மூக்கு நுனியில் நின்று, எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பியூலாவுக்கு அது தெளிவாகத் தெரிந்தது. அவள் பாவாடையைக் கசக்கிப் பிழிந்தாள். லாய்ட் அசையவில்லை. திரை விழுந்த பிறகு அவன் எழுந்து உட்கார்ந்தபோது ஒரு பக்கக் காது மட்டும் வடை மாதிரி உப்பியிருந்தது.

"பையன் மூச்சு வுடறானா இல்லியான்னு எனக்கே டவுட்டு வந்துடுச்சி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் அவர்களுடைய அப்பா ஆபிரகாம். அவர் தங்கச் சுரங்கத்தில் ஷாப்ட் குழி வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்கு மணியடித்துக் கொடுக்கிறவர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கைப்பழக்கம் விடாது. பச்சைப் பெயின்ட் அடித்த வாசல் கதவை மூன்று தட்டு தட்டுவார். சுரங்கத்தில் மூன்று மணி என்றால் கேஜில் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். உள்ளே இருந்து பிள்ளைகள் பதிலுக்கு மூன்று தட்டு தட்டினால்தான் காலை உள்ளே வைப்பார். அவர் வீட்டில் விளையாட்டு என்றால் இது ஒன்றுதான்.

அப்பா போய், சுரங்கமும் மூடிய பிறகு, கோரமண்டலில் எல்லா வீட்டுப் பையன்களையும் போல லாய்டும் பெங்களூர் ரயிலைப் பிடித்தான். ஒரு கூரியர் கம்பெனியில் வேலை. விடியும் முன்பே ஸ்டேஷன், பொழுது சாய்ந்து வீடு. பியூலா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுக்கொண்டாள். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள்தான். ஆனால் ஒரு ஜாக்கெட்டின் இரண்டு கையும் நூல் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரித்துத் திரும்பத் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பாள். வகுப்பு முடிந்தால் அடிக்கிற பித்தளைக் கைமணி அவளிடம்தான் இருக்கும்.

ரயிலில்தான் லாய்டின் சினிமா வாழ்க்கை தொடங்கியது. பங்காருபேட்டை தாண்டியதும் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான். ரயில் எவ்வளவு ஆட்டினாலும் அவன் தலை ஆடாது. பக்கத்தில் சீட்டாடுகிற கோஷ்டி ஒருநாள் யாரோ கோயிலுக்குக் கொண்டுபோன மாலையை வாங்கி அவன் கழுத்தில் போட்டு, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டது. பெட்டியே சிரித்தது. சிரிக்காதவர் ஒருத்தர்தான், பங்காருபேட்டை ராஜ்குமார். ஷூட்டிங்குகளுக்குக் கூட்டத்தில் நிற்க ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். பெங்களூர் வந்ததும் லாய்டின் தோளைத் தட்டினார்.

"தம்பி, நாளைக்கி லீவு போடறியா? ஒரு சீரியல்ல ஆஸ்பத்திரி சீன் கீது. நேத்து இட்டுனு போன ஆளு செத்துக்கினே கண்ண சிமிட்டறான்."

அப்படிப் போனவன்தான். அன்று முதல் லாய்ட் சாகாத விதம் இல்லை. ஏரியில் மிதந்தான். லாரிக்கு அடியில் கிடந்தான். ஹீரோ சுட்ட குண்டுக்கு மாடிப்படியில் உருண்டான். கன்னடப் படத்தில் செத்தான், தெலுங்கு சீரியலில் செத்தான், ஒரு சோப்பு விளம்பரத்தில்கூட எப்படியோ செத்தான். ஒரு சீரியலில் அவன் சுவரில் தொங்கும் மாலை போட்ட போட்டோ. அந்த போட்டோவின் முன்னால் நின்று ஒரு மருமகள் வருஷக்கணக்கில் கண்ணீர் விட்டாள். கோரமண்டலில் அந்த சீரியல் ஓடும்போது தெருவே கூப்பிடும்: "பியூலாக்கா, சீக்கிரம் வாங்க, லாய்ட் அண்ணன் சுவத்துல வந்துட்டாரு!"

பியூலா ஒன்றையும் தவறவிடமாட்டாள். ஊசியில் நூல் கோத்தபடியே பார்ப்பாள். ஆனால் ஒரு குறை அவளுக்கு இருந்தது. அந்தச் சுவர் போட்டோவைத் தவிர, அத்தனை படத்திலும் தம்பி கண்ணைத் திறந்து ஒரு தடவைகூட அவளைப் பார்த்ததில்லை.

சர்ச் வாசலில் பர்னபாஸ் பிடித்துக்கொள்வார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் எந்த விசேஷம் என்றாலும் டீ தட்டு அவர் கையில்தான் இருக்கும், கேலியும் அவர் வாயில்தான் இருக்கும்.

"இன்னா பியூலா, இந்த வாரம் உன் தம்பி எதுல போனான்? தண்ணியா, தீயா?"

"விஷம்ணே. நல்லா பண்ணியிருக்கான். போய்ப் பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன். நம்ம ஊர்ல இவ்ளோ தடவ அடக்கம் ஆன ஆளு வேற யாரும்மா கீறான்?"

கேலி செய்தவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. செத்துக் கிடக்கிறவன் பக்கத்தில் யாரும் எதையும் மறைத்துப் பேசுவதில்லை. கேமராவை எங்கே வைப்பது என்று டைரக்டர் சண்டை போடுவதும், வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் முகத்தில் துக்கம் கூடும் என்று லைட்காரர் சொல்வதும், எல்லாமே அவன் தலைக்கு மேலேதான் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டே லாய்ட் அத்தனையும் கேட்டான். வீட்டுக்கு வந்து, சோற்றைப் பிசைந்தபடி அக்காவிடம் சொல்வான்: "இன்னிக்கி அழுத பொம்பளைய ஜன்னல் பக்கமா நிறுத்தியிருக்கணும்கா. அவங்க வேஸ்ட் பண்ணிட்டாங்க."

ஒருநாள் அது வாய்விட்டே வந்துவிட்டது. பெரிய சாவு ஊர்வலக் காட்சி. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போனைப் பார்த்தார்கள், மீதிப் பேர் கேமராவைப் பார்த்தார்கள். வெயிலில் திரும்பத் திரும்ப எடுத்தும் சரிவரவில்லை. பாடையில் கிடந்த லாய்ட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். "ஐயா, நீங்க முன்னாடி வாங்க. அம்மா, நீங்க அவரு தோளப் புடிச்சிக்கினு நடங்க. நீங்க ரெண்டு பேரும் என் கால் பக்கம், பேசக் கூடாது" என்று ஆளாளுக்கு இடம் சொல்லி, மாலையைச் சரிசெய்துகொண்டு திரும்பப் படுத்துவிட்டான். காட்சி அடுத்த தடவையிலேயே முடிந்தது. டைரக்டர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "அந்தப் பொணத்தக் கூப்பிடு" என்றார். அன்றிலிருந்து அவருடைய படங்களில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்கிற உதவி டைரக்டர் லாய்ட். கூரியர் வேலையை விட்டான். அதே ரயில், அதே பெட்டி. ஆனால் இப்போது தூங்குவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே போவான்.

அப்படிப் பார்த்துக்கொண்டே போன வருஷங்களில் ஒரு படம் அவன் மனசுக்குள் சேர்ந்துவிட்டது.

அது பிறந்தது பியூலாவால்தான். வீட்டுக்கு இரும்புக் கதவு போட்டபோது, அப்பா தட்டிய அந்தப் பச்சைக் கதவைக் கழற்றிப் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தாள். விறகுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லாய்ட் அதன் எதிரே குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே வந்து கதையைச் சொன்னான். ஒரு கிழவர் தன் மகளின் புது வீட்டுக்குத் தன் பழைய வீட்டுக் கதவைத் தலையில் சுமந்துகொண்டு போகிறார். வழியில் பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து கைகொடுக்கிறார்கள். கடைசியில் ஒரு ஊரே அந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறது. அவ்வளவுதான். ஒரு வசனம்கூட இல்லை.

"பேச்சே இல்லாம எப்டிடா?" என்றாள் பியூலா.

"தமிழ்ல எடுத்தா பங்காருபேட்டைல பாதிப் பேர் கோச்சுப்பாங்க. கன்னடத்துல எடுத்தா நம்ம தெருவுல கோச்சுப்பாங்க. தெலுங்குல எடுத்தா ரெண்டு பேரும் கோச்சுப்பாங்க. நான் இத்தினி வருஷம் ஒரு டயலாக்கு பேசாமதானக்கா நடிச்சேன்? எனக்குத் தெரிஞ்சது அதான்."

படம் பிடிக்க வந்தவள் வின்னி. மாரிக்குப்பத்தில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த பெண், ஷூட்டிங்குகளில் கேமரா உதவியாளராக இருந்தவள். லாய்டை அண்ணா என்று கூப்பிடுவாள். சொந்தக் கேமராவோடு விடுமுறை நாட்களில் வந்து நிற்பாள். கிழவராக நடித்தவர் ஏனோக் பெரியவர். சுரங்கத்தில் பாறையைத் துளைக்கிற மிஷினைப் பிடித்து இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. ஆனால் நடை மட்டும் ராஜா நடை. அவருக்குக் கை கொடுக்கிற முதல் ஜோடி பக்கத்து லைன் வீட்டு ராமசாமியும் அவர் மனைவி பழனியம்மாவும். அவர்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம், ஏனோக் வீட்டுச் சுவரில் சிலுவை. லாய்டுக்கு இரண்டு வீட்டிலும் டீ கிடைக்கும்.

பியூலாவின் வேலை உடுப்பு. வேலை என்று யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். போன ஞாயிறு ஏனோக்கின் துண்டு இடது தோளில் இருந்ததா வலது தோளில் இருந்ததா, பழனியம்மா முந்தானையைச் செருகியிருந்தாளா விட்டிருந்தாளா, எல்லாம் அவளிடம் கேட்டால் போதும். "மாமா, மேல் பட்டன தொறங்க. போன வாரம் தொறந்திருந்தீங்க" என்பாள். "போன வாரம் வேர்த்துச்சும்மா, இன்னிக்கி குளுருது" என்பார் ராமசாமி. "படத்துல அதே நாளுதான் மாமா. வேர்க்கணும்." அவர் முணுமுணுத்துக்கொண்டே பட்டனைத் திறப்பார்.

எல்லாம் முடிந்து, ஒரே ஒரு காட்சி பாக்கி நின்றது. கடைசிக் காட்சி. ஊரே கதவைத் தூக்கிக்கொண்டு சைனைடு மலை மேல் ஏற வேண்டும். சைனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் குவிந்து குவிந்து மலையான இடம் அது. சாம்பல் நிறத்தில் பாலைவனம் மாதிரி கிடக்கும். அங்கே படம் எடுக்க அலைந்து திரிந்து அனுமதி வாங்கியது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. மறுநாள் காலையில் வின்னி ஒரு பெரிய படத்தின் வேலைக்காகக் கேமராவோடு ஹைதராபாத் போகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த ஞாயிறு காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்த பியூலாவிடம் லாய்ட் சொன்னான்: "இன்னிக்கி முடியலன்னா முடிவு இல்லாத படம்கா. எவனும் சீண்ட மாட்டான். நான் மறுபடியும் போய்ப் படுத்துக்க வேண்டியதுதான்."

"வாய மூடு" என்றாள் பியூலா. "நீ படுத்தது போதும்." காலரை இன்னொரு தடவை அழுத்தித் தேய்த்தாள். அதற்கு அவசியமே இல்லை.

ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் இருந்தவர்கள் அப்படியே வந்தார்கள். ராமசாமி தன் லைனில் இருந்தவர்களை இட்டுக்கொண்டு வந்தார். சுரங்கத்துப் பென்ஷன்காரர்கள்தான் நிறைய. பர்னபாஸும் வந்தார். "பொணம் டைரக்ட் பண்றத நான் பாக்கணும்ல!" பிரியாணிப் பொட்டலம் தின்று, இடம் பிடித்து, வெயில் கொஞ்சம் தாழட்டும் என்று காத்திருந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் காற்று எழுந்தது.

அங்கேதான் வம்பு. மலைச் சரிவில் கூட்டம், எதிர் மேட்டில் வின்னியின் கேமரா, அவள் பக்கத்தில் லாய்ட். அவன் கொண்டுவந்த கைமைக் இரண்டு தடவை கரகரத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. வாயில் கையைக் குவித்துக் கத்தினான். காற்று அதைப் பேத்தமங்களா பக்கம் கொண்டுபோனது. காற்று இல்லாவிட்டாலும் ஏனோக்குக்குக் கேட்டிருக்காது. கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காது அந்தக் கதிதான்.

"மணி கொண்டாந்திருக்கேன்டா" என்றாள் பியூலா. ஆராதனையிலிருந்து நேராக வந்ததில் ஞாயிறு வகுப்பு மணி அவள் பையிலேயே இருந்தது. பித்தளை மணி. அடித்தால் எலும்பு வரைக்கும் போகும்.

லாய்ட் சரிவில் இறங்கிப் போய் ஒவ்வொரு கும்பலாக நின்று சொன்னான். "ஒரு மணி அடிச்சா நடக்க ஆரம்பிங்க. மேல பாத்துக்கினு ஏறுங்க. ரெண்டு மணி அடிச்சா நில்லுங்க. புரிஞ்சுதா?" எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஏனோக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஓடி மேடேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு மணி அடித்தான்.

ஒருத்தரும் அசையவில்லை. அதுவரை முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்த பழனியம்மாகூட, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்து, கையை அந்தரத்தில் வைத்தபடி நின்றாள்.

"கேக்கல போலிருக்கு" என்றாள் வின்னி.

இன்னொன்று அடித்தான். ஏற்கெனவே அடித்ததோடு அது இரண்டாகிவிட்டது. உடனே மொத்தக் கூட்டமும் கதவோடு திரும்பி, ஒழுங்காக, வரிசையாக, சரிவில் கீழே இறங்க ஆரம்பித்தது.

"எங்க போறாங்க? அண்ணா, எங்க போறாங்க?"

"நில்லுங்க! நில்லுங்க!" லாய்ட் மணியை வைத்துவிட்டு ஓடினான். பிடித்து, திருப்பி, பழைய இடத்தில் நிறுத்தி, மறுபடி விளக்கினான். மறுபடி எல்லோரும் தலையாட்டினார்கள். மறுபடி ஒரு மணி, எல்லோரும் சிலை. மறுபடி இன்னொன்று, எல்லோரும் இறக்கம். மூன்றாவது தடவை பர்னபாஸ் மட்டும் ஒரு அடி முன்னால் வைத்தார். பின்னால் நின்றவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

வெயில் மஞ்சளாகிவிட்டது. "அண்ணா, லைட் போய்ட்ருக்கு, பேகா பேகா!" என்று வின்னி கன்னடத்தில் அவசரப்படுத்தினாள். லாய்டின் முகம் வெளிறிப்போயிருந்தது. பியூலா அந்த முகத்தைப் பார்த்தாள். டிவியில் இதைவிட நல்ல நிறத்தில் செத்திருக்கிறான். அவளால் பொறுக்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே சரிவில் இறங்கினாள்.

"இன்னா மாமா, அவன் அவ்ளோ சொல்றான். ஒரு மணி அடிச்சா நடங்கன்னு. ஏன் நிக்கறீங்க?"

ராமசாமி பரிதாபமாகப் பார்த்தார். "தெரியுதும்மா. காதுல வாங்கிக்கினுதான் நின்னேன். மணி அடிச்சதும் காலு நின்னுடுது. நான் இன்னா பண்ணட்டும்? ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா எறக்கு. முப்பது வருஷம் அப்டித்தான கேஜுல போனோம். தப்பா நவுந்தா ஆளே காலி."

"எனக்கும் அதான்" என்றார் பர்னபாஸ். "நான் தைரியமா ஒரு ஸ்டெப்பு வச்சேன். இந்த ஆளு இழுத்துட்டான்."

இழுத்த ஆள் கோபமாகச் சொன்னார்: "உன் உசுர காப்பாத்தினேன்யா!"

பழனியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இவரு வீட்லயும் அப்டித்தான். குக்கர் ஒரு விசில் அடிச்சா நடக்கறவரு நின்னுடுவாரு."

பின்னாலேயே வந்த லாய்ட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். அக்கா பதறிப்போனாள். ஆனால் அவன் தோள் குலுங்கியது சிரிப்பில். மணியடித்துக் கொடுத்தே வாழ்ந்த ஆபிரகாமின் மகன், இந்தக் கூட்டத்தின் முன்னால் மணியைத் தப்பாக அடித்திருக்கிறான். அவன் சிரிப்பதைப் பார்த்து ஏனோக் பெரியவரும், என்ன ஏது என்று காதில் விழாமலேயே, சிரிக்க ஆரம்பித்தார். சரிவு முழுக்கச் சிரிப்பு பரவியது.

லாய்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "மாமா, நான் சொன்னத எல்லாம் மறந்துடுங்க. ஒண்ணுமே செய்ய வேணாம். மணி இன்னா சொல்லுதோ அதச் செய்யுங்க."

"அது போதுமா?"

"அது போதும் மாமா."

மேடேறி வந்தான். வின்னியிடம், "ஓட விடு. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத" என்றான். மணியை எடுத்து மூன்று அடித்தான்.

யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சரிவில் சிதறி நின்றவர்கள் கதவை நோக்கி நெருங்கினார்கள். தோளோடு தோள், முதுகோடு மார்பு, ஒரு கை நுழைய இடமில்லாமல் ஒட்டி நின்றார்கள். கேஜில் அப்படித்தான் நிற்க வேண்டும். பேச்சு நின்றது. ஆளுக்கு ஒரு கையை மேலே நீட்டிக் கதவைப் பிடித்தார்கள், கேஜின் கம்பியைப் பிடிக்கிற மாதிரி. ஒவ்வொரு முகமும் இறுகி, கவனமாகி, மேலே பார்த்தது. ஏனோக் பெரியவர் தன் மந்தமான காதிலும் மணியை வாங்கிக்கொண்டு, கதவின் பச்சைப் பலகையில் விரல் முட்டியால் திரும்பத் தட்டினார். மூன்று. ஆள் ஏறிவிட்டது என்று பதில் கொடுக்க வேண்டும் அல்லவா?

பியூலாவின் கை தன்னையறியாமல் வாயைப் பொத்தியது. அந்தப் பலகையில் அந்தத் தட்டு கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

பதில் வந்துவிட்டால் கேஜ் மேலே கிளம்பும். கூட்டம் ஏறியது. கால் மண்ணில் புதைந்தது, வழுக்கியது. முன்னால் இருந்தவர் சறுக்கினால் பின்னால் இருந்தவர் தாங்கினார். கதவு ஒரு படகு மாதிரி தலைகளுக்கு மேலே மிதந்து மிதந்து போனது. பழனியம்மாவின் முந்தானை செருகியதிலிருந்து அவிழ்ந்து காற்றில் பறந்தது. பியூலா அதைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டாள். வாழ்நாளில் அவள் அப்படி விட்டது அந்த ஒரு தடவைதான்.

உச்சியை எட்டினார்கள். பின்னால் வானம் செவசெவ என்று கிடந்தது. லாய்ட் ஒரு மணி அடித்தான்.

நின்றார்கள். அப்படி ஒரு நிற்றல். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக, கதவு தலைக்கு மேலே, முகம் எல்லாம் ஒளிப் பக்கம். சேலையும் வேட்டியும் மட்டும் படபடத்தன. பர்னபாஸின் மூக்கின் மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. வின்னி மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவைப் பிடித்திருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. லாய்ட் அடுத்த மணியை அடிக்கவில்லை. பியூலா திரும்பிப் பார்த்தாள். மணியைத் தூக்கிய கையோடு அவனும் நின்றுவிட்டிருந்தான். ஆனால் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"டேய், போதும்டா! அடிடா! கதவு கனமா கீது, பாவம்!"

அவன் திடுக்கிட்டு இரண்டு அடித்தான். கூட்டம் ஒழுங்காக, வரிசையாக, கதவோடு கீழே இறங்கி வந்தது. வின்னி கேமராவைத் தடவிக் கொடுத்தாள். "அண்ணா, சத்தியமா சொல்றேன், ஒரே டேக்."

லாய்ட் அக்காவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்று சுற்றினான். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கச் சாம்பல் மண். "மணி உங்களுதுக்கா" என்றான். "அடிச்சது நீதான" என்றாள் அவள்.

வின்னி மறுநாள் ஹைதராபாத் போனாள். லாய்ட் பெங்களூரில் ஒரு நண்பனின் அறையில் உட்கார்ந்து படத்தை வெட்டி ஒட்டினான். முதல் தடவை காட்டியது கோரமண்டலில்தான், சமுதாயக் கூடத்தில், வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி. ஊரே வந்தது. ராஜ்குமார் பங்காருபேட்டையிலிருந்து வந்து, "நான் கண்டுபுடிச்ச ஆளு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்தார்கள். முதல் காட்சியில் ஒரு தபால்காரர் வந்து அந்தப் பச்சைக் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கவில்லை. அவர் திரும்பி நேராக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். அது லாய்ட். இந்த ஒரு காட்சியை மட்டும் அவன் அக்காவுக்குத் தெரியாமல் எடுத்திருந்தான்.

"கண்ணத் தொறந்திருக்கான்!" என்று பின்வரிசையில் யாரோ கூவினார்கள். கூடமே கைதட்டியது. பியூலா தட்டவில்லை. கையில் இருந்த கைக்குட்டையைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தபோது பர்னபாஸ் வழக்கம்போல் டீ தட்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தார். வேட்டித் திரையில் கூட்டம் சைனைடு மலை உச்சியை எட்டியது. ஒலிப்பெருக்கியில் பித்தளை மணி ஒன்று கணீரென்று விழுந்தது.

திரையில் எல்லோரும் நின்றார்கள். கூடத்தில் பர்னபாஸும் நின்றார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, தட்டு கையில், டீ ஒரு சொட்டுத் தளும்பாமல். கழிவறைக்குப் போக எழுந்த ஏனோக் பெரியவர் பாதி எழுந்த நிலையில் நின்றார். கதவோரம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இன்னும் சிலர் ஒற்றைக் காலில் நின்றார்கள். பழனியம்மாதான் முதலில் சிரித்தது.

"லாய்ட்!" நின்ற இடத்திலிருந்தே, உதடு மட்டும் அசைய, பர்னபாஸ் கத்தினார். "படம் நல்லாக் கீதுப்பா! சீக்கிரம் அடுத்த மணிய அடி, டீ ஆறுது!"